பெயர் வந்துவிட்டதா?

அடுத்த முறை எங்கோ ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து பத்துப் பேரைச் சுட்டான் என்ற செய்தி உங்கள் கைபேசியில் வந்து விழும்போது, ஒரு நாள் பொறுங்கள். சுட்டவன் யார், என்ன மதம், எந்த நாட்டான், எதற்காகச் சுட்டான் என்று எழுதாதீர்கள். பிறர் எழுதியதை அனுப்பாதீர்கள். யாராவது அனுப்பினால் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்தால் குடி முழுகிப்போகாது. செய்தி வருவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்த பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது. அந்த நேரத்தில் ஊரில் எல்லோருமே துப்பறியும் அதிகாரிகள்.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகளாவது அமெரிக்காவில் இருக்கிறார்கள். டல்லாஸ் பக்கம் துப்பாக்கிச் சூடு என்றால் லஸ் முனையில் ஒரு தாய்க்குத் தூக்கம் போய்விடுகிறது. பெண் எங்கே இருக்கிறாள், பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டானா என்று அவள் முதலில் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள். பதில் வந்து, போன உயிர் திரும்பி, ஒரு வாய் காப்பி உள்ளே போன பிறகுதான் வினை தொடங்குகிறது. மறுநாள் காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிறவர்கள் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள்.

“பேரு வந்துடுச்சா சார்?”

“இன்னும் வரலை. போலீஸ் சொல்ல மாட்டேங்கறான்.”

“சொல்லலைன்னாலே தெரியலையா? அவங்க ஆளாத்தான் இருக்கும்.”

“செத்தவங்கள்ல நம்மவங்க யாராச்சும்?”

“ஒரு ஹைதராபாத் பொண்ணுங்கறாங்க.”

“அடடா.”

அந்த ‘அடடா’ அடுத்த வளைவு வருவதற்குள் தீர்ந்துபோகும். பெயரைப் பற்றிய பேச்சு வாசலில் அருகம்புல் சாறு குடித்து முடிக்கும் வரை ஓடும்.

ஹைதராபாத் பெண் கற்பனை அல்ல. 2023 மே 6 அன்று டெக்சாஸ் மாநிலத்து ஆலன் நகரில், கடைகள் நிறைந்த ஒரு வளாகத்தில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து போன இளம் பொறியாளர் ஒருவரும் இருந்தார். சுட்டவனுடைய குடும்பப் பெயர் ஸ்பானிய வழிப் பெயர். உடம்பிலோ நாஜிச் சின்னங்களைப் பச்சை குத்தியிருந்தான். ஒரு கூட்டம் பெயரைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கூட்டம் பச்சையைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெயர் வைத்தவன் அப்படிப்பட்ட வெறியனாக இருக்கவே முடியாது, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சாதித்தவர்களும் உண்டு. வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பெயருக்கும் பச்சைக்கும் நடுவே அந்தக் குழந்தைகள் காணாமல் போனார்கள்.

இந்த அவசரத்துக்கு அறிவுத் தாகம் என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது, அதற்குத்தான் அலைகிறோம். காதல் தகராறு என்றால் அது நம் வீட்டில் இல்லை. மனநிலை சரியில்லாதவன் என்றால் அவன் நம் தெருவில் இல்லை. இன்ன மதத்துக்காரன் என்றால், நாம்தான் அப்போதே சொன்னோமே! எந்தக் காரணம் வந்தாலும் நமக்கு லாபம். செத்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நம் வீடுகளில் இதற்கு ஒரு முறை இருந்தது, இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் உள்ளே போய், கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்காருவோம். எப்படி ஆச்சு, ஏன் ஆச்சு என்று முதல் நாளே கிளறுகிறவரை அந்த வீட்டுப் பெரியவர் ஒரு பார்வை பார்ப்பார். ஆள் தானாக எழுந்து வெளியே போய்விடுவார். தூக்குப் போட்டுக்கொண்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். திண்ணையில் முணுமுணுப்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கூடத்துக்குள் வராது. கைபேசி வந்ததும் திண்ணையும் கூடமும் ஒன்றாகிவிட்டன. இறந்த பெண்ணின் தங்கை இருக்கிற அதே குழுவில்தான் அவள் யாரோடு சுற்றினாள் என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது.

தமிழர் வீட்டுத் துக்கம் ஒன்றைச் சொல்கிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் கரட்டடிபாளையத்துக்காரர் ஜி.வி. லோகநாதன். கான்பூர் ஐ.ஐ.டி., பர்டூ பல்கலைக்கழகம் என்று படித்துப்போய் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியராக இருந்தார். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று விருதுகள் வாங்கியவர். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் கட்டடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அந்த வளாகத்தில் இறந்தவர்கள் 32 பேர். சுட்டவன் அங்கேயே படித்த மாணவன். தென் கொரியாவில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா போனவன். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய படங்களும் பேச்சும் என்பிசி தொலைக்காட்சியில் வந்தன. இரண்டு பேரை விடுதியில் கொன்றுவிட்டு, மற்ற முப்பது பேரைக் கொல்லப் போவதற்கு முன், நிதானமாக அஞ்சல் நிலையத்துக்குப் போய் அந்தப் பொட்டலத்தை அனுப்பியிருக்கிறான். துப்பாக்கியோடு நிற்கும் படங்கள், தான் ஏன் இதைச் செய்கிறேன் என்று உலகத்தைத் திட்டும் ஒளிப்பதிவுகள். தன் காரணத்தைக் கேட்க உலகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் என்பதில் அவனுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அந்தப் பேச்சில், 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரையும் தியாகிகள் என்று சொல்லியிருந்தான். அவர்கள் ஏன் சுட்டார்கள் என்று நாடே கூடி ஆராய்ந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். வர்ஜீனியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சில குடும்பங்கள் அந்தத் தொலைக்காட்சிக்குப் பேட்டி தர மறுத்துவிட்டன. கொலைகாரனின் வாய்க்கு மைக் பிடித்தால் அடுத்தவன் வரிசையில் வந்து நிற்பான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டனுக்கும் அது தெரிந்திருந்தது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, சுட்டவன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவன் எழுதிவைத்த நீண்ட விளக்கத்தை வைத்திருப்பதே அந்நாட்டில் குற்றமானது.

அதே வர்ஜீனியா நாட்களில் தென் கொரியாவில் என்ன நடந்தது தெரியுமா? நம் ஆள் இப்படிச் செய்துவிட்டானே என்று ஒரு நாடே தலைகுனிந்தது. அமெரிக்காவில் கடை வைத்திருந்த, படித்துக்கொண்டிருந்த கொரியர்கள் பழி தம் தலையில் விழுமோ என்று பயந்தார்கள். எங்கோ ஒருவன் சுட்டதற்குச் சம்பந்தமே இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்? ‘பேரு வந்துடுச்சா’ என்று கேட்கிற வாய்கள் எல்லா ஊரிலும் இருப்பதால்தான்.

காரணம் கிடைக்காமலே போகும் கொலைகளும் உண்டு. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஓட்டல் மாடியிலிருந்து ஒருவன் இசை விழாக் கூட்டத்தைச் சுட்டான். அன்று இறந்தவர்களும், பின்னால் அந்தக் காயங்களால் இறந்தவர்களுமாக 60 பேர். எஃப்.பி.ஐ. அமைப்பின் நடத்தை ஆய்வுப் பிரிவு ஓராண்டுக்கு மேல் குடைந்து, தெளிவான ஒற்றைக் காரணம் அகப்படவில்லை என்று 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஓராண்டில் அகப்படாதது, நம் அடுக்குமாடிக் குழுவில் அரை மணியில் அகப்பட்டுவிடும்.

அமெரிக்காவை விடுங்கள். நம் ஊரில் துப்பாக்கி அரிது, அரிவாள்தான் கைக்கு எட்டும். ஆனால் நாம் நடந்துகொள்ளும் விதம் அப்படியே அதுதான். 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி தாண்டியிருந்தது. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர், வேலைக்குப் போக மின்ரயிலை எதிர்பார்த்து நின்றார். ஒருவன் வந்தான், அரிவாளால் வெட்டினான், போய்விட்டான். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. உடல் மூடப்படாமல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது.

இரண்டு மணி நேரம். அந்தத் தடத்தில் காலை வேளையில் எத்தனை ரயில் வரும், எத்தனை பேர் இறங்கி ஏறுவார்கள் என்று அதில் போகிறவர்களுக்குத் தெரியும். ஒருவர் தோளிலும் துண்டு இல்லையா? ஒரு துப்பட்டா, ஒரு மழைக்கோட்டு, விரித்துப் போட ஒரு செய்தித்தாள்? கைபேசிகள் மட்டும் இருந்தன. மதியத்துக்குள் படங்கள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டன. ரயில்வே போலீஸ் வழக்கா, நகரப் போலீஸ் வழக்கா என்று ஒரு பக்கம் இழுபறி. இறந்துகிடப்பவருக்கும் கண்ணியம் உண்டு என்பதை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டிவந்தது. அதைச் சொல்ல நீதிபதிகள் வேண்டுமா? அது அந்த நடைமேடையில் நின்ற யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

அடுத்த ஒரு வாரம் சென்னை பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. முதலில் செத்தவரை விசாரித்தார்கள். யாரோடு பழகினார், முகநூலில் யாரெல்லாம் நண்பர்கள், எந்தக் கோவிலுக்குப் போனார், கூட யார் போனார்கள். பிறகு ஒரு முஸ்லிம் பெயரைப் போட்டு, கொன்றது இவன்தான், மதம்தான் காரணம் என்று ஒரு பதிவு கிளம்பியது. இறந்தவரின் சாதியைச் சொல்லி, அதனால்தான் தலைவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்று அதிலேயே ஒரு கண்ணீர் வேறு. படித்தவர்கள், மேடையிலும் திரையிலும் தெரிந்த முகங்கள் எல்லாம் அதைப் பரப்பினார்கள். ஜூலை 1 இரவு செங்கோட்டை பக்கம் மீனாட்சிபுரத்தில் போலீஸ் பிடித்தது வேறு ஓர் இளைஞரை, முஸ்லிம் அல்ல. பரப்பியவர்களில் சிலர் சத்தமில்லாமல் பதிவை நீக்கினார்கள். பேச்சு நிற்கவில்லை, பிடிபட்டவரின் சாதிக்குத் தாவியது.

இனி வருவதைக் கவனியுங்கள். பிடிபடும்போதே அவர் கழுத்தில் வெட்டுக்காயம். தானே அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் இறந்தார். மின்கம்பியைக் கடித்தார் என்றார்கள். பெற்றோர் நம்பவில்லை, பிணப் பரிசோதனையை யார் செய்வது என்பதற்கே நீதிமன்றப் படி ஏறினார்கள். மாநில மனித உரிமை ஆணையம் 2022இல் அந்தக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கொலை வழக்கின் விசாரணை நடக்கவே இல்லை. அவர்தான் கொன்றார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏன் கொன்றார் என்பது சாட்சிக் கூண்டுக்கு வரவே இல்லை.

ஜூன் மாதம் காரணம் கேட்டுக் கத்திய ஊர் செப்டம்பரில் எங்கே போனது? காரணம் முறைப்படி வெளிவர இருந்த ஒரே வழியும் சிறைச்சுவருக்குள் அடைபட்ட அன்று, நாம் வேறு செய்திக்குப் போய்விட்டோம். நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான். பேசக் கூடாத நாளில் பேசுகிறோம், கேட்க வேண்டிய நாளில் தூங்குகிறோம். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதல் நாள் வாயைக் கட்டுங்கள். மூன்றாம் மாதம், முதல் ஆண்டு, வழக்கு என்ன ஆச்சு என்று விடாமல் கேளுங்கள்.

“நான் எழுதலையே, வந்ததை அனுப்பினேன்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஃபார்வர்டட் ஆஸ் ரிசீவ்டு’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் பாவம் கழிந்ததாக ஓர் எண்ணம் இருக்கிறது. மயிலாப்பூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் எஸ்.வி. சேகரும் அப்படித்தான் சொன்னார். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்தார், பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஒப்புக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக இருங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் விரலுக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகும் ‘தெரியாம பண்ணிட்டேன்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது, அது இன்னும் மோசம். காரணம் தெரிந்துவிட்டது என்று கையைக் கழுவிவிடுவது. அந்த விஷயத்தில் சென்னைக்குப் பழைய கணக்கு உண்டு. 1982 மே 19 அன்று ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் பாண்டி பஜாரில், ஜனம் நடமாடும் கடைத்தெருவில், ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள முயன்றார்கள். ஊர் அதைச் சினிமாச் சண்டை மாதிரி பேசி ரசித்தது. 1986 நவம்பர் 1, தீபாவளி நாள், சூளைமேட்டில் ஈழ இயக்கத்தார் சுட்டதில் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கில் சென்னை நீதிமன்றத்தால் தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்ட டக்ளஸ் தேவானந்தா இலங்கையில் பல ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். செத்த வக்கீல் யார் என்று சூளைமேட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு 1990 ஜூன் 19. கோடம்பாக்கம் சக்கரியா காலனி. ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற ஈழ இயக்கத்தின் பொதுச்செயலாளர் பத்மநாபாவும் தோழர்களும் இருந்த வீட்டுக்குள் ஏ.கே. 47 துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளுமாக விடுதலைப் புலிகளின் ஆட்கள் நுழைந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். சென்னை நகரத்தின் நடுவே, குடும்பங்கள் வாழும் குடியிருப்பில் நடந்த படுகொலை அது. கொன்றவர்கள் சாலை வழியே கடற்கரை வரை போய்ப் படகேறித் தப்பிவிட்டார்கள். ஊர் என்ன சொன்னது? “அவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கென்ன?” என்றது. செத்தவர்கள் இந்திய அமைதிப்படையோடு நின்றவர்கள், துரோகிகள் என்று காரணம் தயாராக இருந்தது. செத்தவர்களின் இயக்கத்தின் மேல் கட்டாய ஆள்பிடிப்பு முதலான கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்ததும் உண்மைதான். ஆனால் காரணம் பொருத்தமாக இருக்கிறது என்றதும் கொலை பாதி நியாயமாகிவிடுகிறது. கொன்றவர்களைப் பிடி என்று தெருவில் இறங்கிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பதினோரு மாதம் கழித்து, 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். கோடம்பாக்கத்துக் கொலையில் முக்கியமானவர் என்று புலனாய்வாளர்கள் கைகாட்டிய சிவராசன்தான் அங்கேயும் வந்திருந்தார். ராஜீவ் காந்தியோடு, கூட்டம் பார்க்க வந்தவர்களும் காவலுக்கு நின்ற போலீஸாரும் செத்தார்கள். மறுநாளிலிருந்து அதே ஊர் ஈழத்தமிழர் ஒவ்வொருவர் முகத்திலும் கொலைகாரனைத் தேடியது. வாடகை வீடு கிடைக்காமல், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியாமல், காவல் நிலையத்தில் பதிந்து பதிந்து அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். முதல் கொலையில் ‘அவங்க சண்டை’, இரண்டாவதில் ‘அவங்க எல்லாருமே அப்படித்தான்’. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

தூத்துக்குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாம் நாள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். இங்கே வரவேற்பறைகளில் கேட்கப்பட்ட கேள்வி, போலீஸ் ஏன் சுட்டது என்பதல்ல. அவங்க ஏன் போனாங்க என்பது. அடுத்த வாரமே ரஜினிகாந்த் சமூக விரோதிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றார், தலையாட்டியவர்கள் நிறைய. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது குற்றம் சொன்னது போலீஸ் அதிகாரிகளை. அதைப் படித்துவிட்டு, 2018இல் பேசியது தவறு என்று எத்தனை பேர் சொன்னார்கள்? செத்தவனின் நோக்கத்தை முதலில் விசாரிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. நுங்கம்பாக்கத்திலும் அதைத்தான் செய்தோம்.

இன்னொரு சோம்பேறிக் காரணம் பைத்தியம். “கீழ்ப்பாக்கம் கேஸுப்பா” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். மனநோயால் அவதிப்படுகிறவர்கள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதே அதிகம். அவர்களை வைத்துப் பராமரிக்கும் எந்த வீட்டையும் கேளுங்கள். 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றார். பயணிகள் மூவரும் முஸ்லிம்கள், வெவ்வேறு பெட்டிகளில் இருந்தவர்கள். முதல் நாளே மனநிலை சரியில்லை என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பிறகு அவர் பிணத்தருகே நின்று பேசிய ஒளிப்பதிவு வெளியானது. நோயா, வெறுப்பா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நீங்களும் நானும் முந்திக்கொண்டு மருத்துவச் சான்றிதழ் எழுத வேண்டாம்.

சரி, வாயை மூடிக்கொண்டு கையால் என்ன செய்வது? நிறைய இருக்கிறது. சம்பவ இடத்தில் இருக்க நேர்ந்தால் 112க்கும் 108க்கும் கூப்பிடுங்கள். வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நிற்பார்கள். உயிர் இருந்தால் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். உயிர் போயிருந்தால் மூடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். படம் எடுக்கிறவனை நிறுத்தச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஒருவர் அதட்டினால் மற்ற ஒன்பது கைகளும் இறங்கும். போலீஸ் வந்தால் ஓடாதீர்கள், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள், பார்க்காததைச் சொல்லாதீர்கள். சாட்சி சொன்னால் வம்பு என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகவே உச்ச நீதிமன்றம் 2018இல் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது காகிதத்தில் தூங்காமல் இருக்க வேண்டுமானால் யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் எதிரில் கொலைகாரனின் மதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மறுநாள் வகுப்பில் அந்த மதத்துப் பையன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உங்கள் பிள்ளை வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை அவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

துக்கப்பட்ட குடும்பம் தெரிந்த குடும்பமாக இருந்தால் போங்கள். பதினாறாம் நாள் கழித்தும் போங்கள், அப்போதுதான் வீட்டில் ஆள் இருக்காது. செய்தித்தாளில் அந்த வழக்கு மூன்றாம் பக்கத்து மூலையில் நாலு வரியாகச் சுருங்கும்போது அதைத் தேடிப் படியுங்கள். நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அதே நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, விசாரணை எங்கே நிற்கிறது என்று உங்கள் கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் கேளுங்கள். கேமரா வைத்தார்களா, வைத்த கேமரா வேலை செய்கிறதா என்று நிலைய அதிகாரியைக் கேளுங்கள். காரணத்தையும் அப்போது கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். அன்றைக்கு அது வம்பளப்பு அல்ல.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று மட்டும் இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குழுவின் நிர்வாகியிடம் பேசுங்கள். சாவுச் செய்தி வந்தால் ஒரு நாள் முழுக்கக் காரணம் பேசக் கூடாது, பிணத்தின் படம் போடக் கூடாது, போடுகிறவரை வெளியேற்றிவிட வேண்டும் என்று எழுதி மேலே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். நிர்வாகி மறுத்தால் நீங்கள் குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் லாரி எப்போது வருகிறது என்பதை வாட்ச்மேன் சொல்லிவிடுவார்.